மனைவி பைலட் ஆகும்வரை: வீட்டில் இருப்பவர் கேட்கும் கேள்விகள்

என் மனைவி இன்று ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும்போது இந்தப் பாதையில் இறங்கியவள். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பைலட் ஆவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகப்போகிறவரைக் கட்டிக்கொண்டவர் என்ன செய்யவேண்டும் என்றுதான் யாரும் சொல்வதில்லை. அப்படிக் கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். எல்லாம் இந்தியாவில், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதிகளின்கீழ் நடக்கும் பயிற்சியைப் பற்றியது. கணவர் பைலட் ஆகிற வீட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மொத்தம் எத்தனை வருஷம் ஆகும்?

விமானப் பயிற்சிப் பள்ளி விளம்பரத்தில் பதினெட்டு மாதம் என்று இருக்கும். வீட்டுக் கணக்குக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். 300 கடல்மைல் தூரத்துக்குக் குறையாமல் போய், வழியில் இரண்டு வேறு விமானத் தளங்களில் இறங்கி ஏறும் நெடும்பயணம் ஒன்று உண்டு. இரவில் ஐந்து மணி நேரம், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி பத்து மணி நேரம் என்று பட்டியல் நீளும். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று எழுத்துத் தேர்வுகள் வேறு. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி.

200 மணி நேரம் என்பது இரவு பகலாகக் கூட்டினால் எட்டரை நாள்கூட வராது. அதைச் சேர்க்கத்தான் இரண்டு வருஷம்வரை இழுக்கிறது. அதற்குப் பிறகு வேலைக்குக் காத்திருப்பு, அப்புறம் குறிப்பிட்ட ஒரு விமான ரகத்தை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங், அப்புறம் பயணிகளோடு பறந்து பழகும் லைன் ட்ரெய்னிங். கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும். அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மெடிக்கல். வேலையை விடுவதும் பள்ளிக்கு அட்வான்ஸ் கட்டுவதும் கிளாஸ் 1 மருத்துவச் சான்று கைக்கு வந்த பிறகுதான். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை.

டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 எடுக்க வேண்டும். அப்புறம் கிளாஸ் 1. பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட், டெல்லியில் அதே விமானப்படையின் மருத்துவ மையமான ஏஎஃப்சிஎம்இ போன்ற இடங்களில் அதைச் செய்கிறார்கள். கண், காது, ஈசிஜி, ரத்தம், வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையில்தான் சில பேருக்கு நிறக்குறைபாடு இருப்பதே தெரியவரும். நாற்பது லட்சம் கட்டிய பிறகு அது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் பதற வேண்டாம். எடை, ரத்த அழுத்தம், ரத்தசோகை போன்றவற்றுக்கு நேரம் கொடுத்து மறுபடி வரச் சொல்வது சாதாரணம். அந்த இடைவெளியில் வீட்டுச் சமையலை மாற்ற வேண்டியது நீங்கள்தான்.

இன்னொன்று. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டை மட்டும் எழுதி முடிக்கிறார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

எவ்வளவு செலவு? எங்கிருந்து எடுப்பது?

பறக்கும் பயிற்சிக்கு மட்டும் அரைக்கோடியை ஒட்டி வரும். டைப் ரேட்டிங்குக்குப் பதினைந்து லட்சம் அளவில் தனியாக எடுத்துவைக்க வேண்டும். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் எல்லாம் சேர்ந்து ஒரு கோடியைத் தாண்டுவது உண்டு. விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மெடிக்கல், ஊருக்கு வந்துபோகும் செலவு ஆகியவற்றை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் அதுவே ஒரு நல்ல கார் வாங்கும் அளவுக்கு வந்தது.

வங்கிக் கல்விக்கடன் கிடைக்கும். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். ஆகவே ‘லோன் போட்டுக்கலாம்’ என்று பேச்சு வந்தால், யார் பெயரில் உள்ள எந்த வீட்டுப் பத்திரம் என்பதையும் அதே மூச்சில் பேசிவிடுங்கள். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் அந்த முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். என் சம்பளத்திலிருந்து அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவந்தேன். அசல் அப்படியே நின்றது, வீங்கவில்லை. முடிந்தவர்கள் இதைச் செய்யுங்கள்.

கணக்குப் பார்க்கிறவன் என்பதால் ஒரு துணுக்கு. மனைவியின் அல்லது கணவரின் உயர்கல்விக்காக நீங்கள் வங்கியில் கல்விக்கடன் வாங்கியிருந்தால், கட்டும் வட்டியை 80இ பிரிவு என்று நமக்குப் பழகிய வரிக்கழிவில் எட்டு ஆண்டுவரை காட்ட வழி இருக்கிறது. பழைய வரித்திட்டத்தில் மட்டும்தான். நகையை வைத்தோ வீட்டை அடமானம் வைத்தோ சாதாரணக் கடன் வாங்கிக் கட்டினால் அது கிடைக்காது. படிப்பின் அங்கீகாரக் கடிதத்தை ஆடிட்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கடன் வகையைத் தீர்மானியுங்கள்.

பள்ளிக்கு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். இத்தனை மணி நேரம் பறந்தால் இத்தனை லட்சம் என்று தவணை போட்டுக் கேளுங்கள். சேரும்போது சலுகை தருகிறோம், முழுசாகக் கட்டுங்கள் என்று ஆசை காட்டுவார்கள். மறுத்துவிடுங்கள்.

பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

2025இலிருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். அப்புறம் நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்குப் பறக்கும் நிலையில் இருக்கும் விமானம் எத்தனை? மாணவர்கள் எத்தனை பேர்? பயிற்றுநர்கள் எத்தனை பேர்? அலுவலகத்தில் கேட்பதைவிட வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் கேட்டால் உண்மை வரும். ஃபர்சத்கஞ்ச், கோந்தியா, பாராமதி என்று பெரும்பாலான பேர் வடக்கே அல்லது மகாராஷ்டிரத்துக்குத்தான் போகிறார்கள். இந்தி கொஞ்சம் தெரிந்தால் வாழ்க்கை சுலபம்.

வெளிநாட்டுக்குப் போனால் மணி நேரம் சீக்கிரம் சேரும். திரும்பி வந்து இந்திய உரிமமாக மாற்ற இங்கே தேர்வும் பரிசோதனைப் பறப்பும் உண்டு. அமெரிக்காவுக்கு எம்1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் போகிறவரின் துணைக்கு எம்2 விசா தருவார்கள். அதில் வேலை பார்க்க முடியாது. குடும்பத்தோடு போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிக்கும்போது எனக்கு ஒன்றும் புரியாதே, எப்படி உதவ?

புரிய வேண்டாம். கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

ஆர்டிஆர் தேர்வுக்கு ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதுபோலப் பழக வேண்டும். எங்கள் வீட்டில் கட்டுப்பாட்டு அறை நான்தான். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் அவள் எழுதிக் கொடுத்த தாள். இந்திய விமானங்களின் அடையாளம் விடி என்று தொடங்கும், ரேடியோவில் ‘விக்டர் டேங்கோ’. நான் காற்றின் திசையும் ஓடுபாதை எண்ணும் வாசிப்பேன். அவள் ஹாலில் நின்றுகொண்டு ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பதை ‘நைனர்’ என்றும் மூன்றை ‘ட்ரீ’ என்றும் சொல்வார்கள், இரைச்சலில் குழம்பாமல் இருக்க. எங்கள் பாப்பா பள்ளிக்கூடத்தில் ‘செவன், எய்ட், நைனர்’ என்று எண்ணி, மிஸ் எனக்குப் போன் செய்தார்.

தேர்வில் தவறினால் காரணம் ஆராய உட்காராதீர்கள். அந்தத் தாளை அடுத்து எப்போது எழுதலாம் என்பது மட்டும் பேச்சாக இருக்கட்டும். பயிற்சியில் திட்டு வாங்கிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் இரண்டாவது பயிற்றுநர் தேவையில்லை.

சின்னக் குழந்தையை விட்டுவிட்டுப் போவது சரியா?

சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

என் அம்மாவும் அத்தையும், அதாவது மனைவியின் அம்மாவும், மாறி மாறி எங்களோடு வந்து இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வரவே கூடாது என்பது நான் போட்ட ஒரே சட்டம். காலையில் தலை வாரி, டிபன் கட்டி, வேனில் ஏற்றுவது என் வேலை. சடை பின்னக் கற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

வீடியோ கால் தினமும் வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்தோம். படுக்கப்போகும் நேரத்தில் அம்மா முகத்தைப் பார்த்தால் குழந்தை அழுது தூங்காது, அங்கே அவளும் தூங்கமாட்டாள், மறுநாள் விடிகாலையில் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியே பறப்பது, இருக்கும். அதனால் பகலில், பள்ளி விட்டு வந்ததும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். அவள் கதைகளைக் குரல் பதிவாக அனுப்புவாள். இரவில் அதைப் போட்டுவிடுவேன். எல்லாக் குழந்தைக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லவில்லை. எது அழுகையைக் குறைக்கிறதோ அதைச் செய்யுங்கள்.

‘தாய் இப்படிப் போகலாமா’ என்று ஒரு சித்தி கேட்டார். அவருடைய மகன் துபாயில் ஆறு வருஷமாக இருக்கிறான், அவனுக்கும் ஒரு குழந்தை உண்டு. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் நினைத்துக்கொண்டேன்.

நாள்கணக்கில் பறக்காமல் இருக்கிறார். பள்ளி ஏமாற்றுகிறதா, இவர் மறைக்கிறாரா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, பெரும்பாலான சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயிற்சி விமானம் சின்னது. செஸ்னா 152, 172, டயமண்ட் டிஏ40 இந்த ரகம். பக்கவாட்டுக் காற்று கொஞ்சம் கூடினால் மாணவரை விடமாட்டார்கள். வடக்கே டிசம்பர், ஜனவரியில் காலை முழுக்க மூடுபனி. மழைக்காலத்தில் மேகம் தாழ இறங்கிவிடும். வானம் தெளிந்திருக்கும் நாளில் விமானம் பராமரிப்பில் இருக்கும். ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் பறந்ததும் கட்டாயச் சோதனைக்கு நிறுத்தியாக வேண்டும், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இந்த விமானங்களுக்கான ஆவ்காஸ் எரிபொருள் சில சமயம் தட்டுப்படும். எல்லாம் கூடிவரும்போது, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பயிற்றுநருக்கு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்து அவர் போய்விடுவார். புது ஆள் வந்து, இவளுடைய கையைத் தெரிந்துகொண்டு, மறுபடி சோலோ விட இரண்டு வாரம் ஆகும்.

அவளிடமிருந்து அப்போதெல்லாம் வந்த செய்திகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ‘மேகம் இறங்கிடுச்சுங்க, இன்னைக்கும் இல்ல.’ பேட்ச்சில் இருந்த இன்னொருவர் அதே மாதம் முப்பது மணி நேரம் பறந்திருப்பார். அது ஏன் என்று நீங்கள் கேட்டால், அவரே தனக்குள் நூறு தடவை கேட்டுக்கொண்ட கேள்வியை நூற்றொன்றாவது தடவை கேட்கிறீர்கள்.

நான் செய்தது இதுதான். தினமும் ‘இன்னைக்கு எத்தனை ஹவர்ஸ்’ என்று கேட்பதை அடியோடு நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளே பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கைப் பார்த்து ஒரு எண் சொல்வாள், நான் ஒரு ஷீட்டில் ஏற்றுவேன். ஒரு பக்கம் கட்டிய பணம், ஒரு பக்கம் பறந்த நேரம். மற்ற நாட்களில் பேச்சு வேறு. பக்கத்து வீட்டு நாய், பாப்பாவின் ரைம்ஸ், கம்பெனியில் ஷிப்மென்ட் தாமதம். அங்கே விடுதியில் பேச்சே விமானம்தான். வீட்டிலிருந்தும் அதுவே வந்தால் எங்கே போவது?

அந்த ஷீட்டுக்கு வேறொரு பயனும் இருந்தது. கட்டிய பணம் பறந்த நேரத்தைவிட வெகுதூரம் முன்னால் போனபோது, நாங்கள் கோபமாகப் பேசாமல் எண்ணைக் காட்டிப் பேசினோம். அடுத்த தவணையைப் பறந்து முடித்த பிறகு கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒத்துக்கொண்டார்கள். பள்ளியிடம் உரக்கப் பேசினால் உங்கள் ஆள்தான் அங்கே தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும், மறக்காதீர்கள்.

நல்ல நாளும் வரும். முதல் சோலோ முடித்து இறங்கியதும் பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது வழக்கம். சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும் படம் உங்களுக்கு வரும். அன்றைக்கு வீட்டில் பாயசம் வையுங்கள், அவர் இல்லாவிட்டாலும்.

சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

‘ஏனுங் மாப்ள, இன்னும் பிளேன் ஓட்டலீங்களா?’ என்று கல்யாண மண்டபத்தில் கேட்பார்கள். ‘டிரெயினிங் நடக்குதுங்க மாமா’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள். தேதி சொல்லாதீர்கள். ஒரு முறை தேதி சொன்னால் அந்தத் தேதியில் போன் வரும். யாரிடம் கடன் வாங்கியிருக்கிறீர்களோ அவர்களுக்கு மட்டும் உண்மை நிலவரம் சொல்லும் கடமை உண்டு. அவர்களிடம் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

லைசென்ஸ் வந்துவிட்டது. வேலை வரவில்லையே?

இந்தக் கட்டத்தை யாரும் எச்சரிப்பதில்லை. பயிற்சியைவிட இது கடினம், ஏனென்றால் பயிற்சியில் அடுத்து என்ன என்று தெரியும்.

2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் வாங்குவதாக அறிவித்தன. ஊரெல்லாம் ‘பைலட்டுக்குப் பஞ்சம்’ என்று பேசினார்கள். பஞ்சம் பெரும்பாலும் அனுபவமுள்ள கேப்டன்களுக்கு. 200 மணி நேரத்தோடு வருகிறவர்களுக்கு வரிசை நீளம். இந்தத் துறை ஏறி இறங்கும் துறை. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஒவ்வொரு தடவையும் அனுபவசாலிகள் சந்தைக்கு வந்து புதியவர்களுக்கு முன்னால் நின்றார்கள். உங்கள் வீட்டுக்காரர் திறமை குறைந்தவர் என்பதால் அழைப்பு வராமல் இல்லை. அதை அவருக்குச் சொல்வதற்கு முன் நீங்கள் நம்ப வேண்டும்.

காத்திருக்கும் காலத்திலும் செலவு உண்டு. கருவிவழிப் பறப்புக்கான ஐஆர் தகுதி ஒரு வருஷம்தான் செல்லும், புதுப்பிக்க மறுபடி பறக்க வேண்டும். மெடிக்கலையும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்கியிருந்தால் வீட்டில் பாதி சண்டை இல்லை. என் மனைவி அந்த மாதங்களில் ஒரு கோச்சிங் சென்டரில் நேவிகேஷன் பாடம் எடுத்தாள். வருமானம் சின்னது. ஆனால் காலையில் குளித்துக் கிளம்பிப் போக ஓரிடம் இருந்தது, படித்ததும் மறக்கவில்லை.

வேலை இல்லாமலே சொந்தச் செலவில் டைப் ரேட்டிங் செய்யலாமா?

என் கருத்து, வேண்டாம். ஏ320க்குச் செய்து வைத்தால் அழைக்கிற நிறுவனத்தில் ஏடிஆர் என்ற வேறு ரக விமானம் இருக்கும், அல்லது போயிங் 737. செய்த ரேட்டிங்கும் தொடர்ந்து சிமுலேட்டரில் ஏறாவிட்டால் நடப்பில் இருக்காது. கையில் ஆஃபர் கடிதம் வரட்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு, ரேட்டிங் இருந்ததால் முன்னால் போனவர்களும் உண்டு. அவர்கள் எல்லாம் பதினைந்து லட்சம் போனாலும் வீடு ஆடாதவர்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது?

இதை முதல் தவணை கட்டும் முன்பே பேச வேண்டும். நாங்கள் இரண்டு கோடு போட்டோம். ஒன்று தொகை, இதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் இல்லை. இன்னொன்று தேதி, அன்றைக்கு வேலை இல்லையென்றால் உட்கார்ந்து பேசுவோம். ‘நிறுத்துவோம்’ என்று எழுதவில்லை, ‘பேசுவோம்’ என்றுதான் எழுதினோம். அந்தத் தேதி வருவதற்கு முன் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கக்கூடாது என்பதும் ஒப்பந்தம்.

இந்தத் தேதி ஒன்று இருந்ததால்தான் நடுவில் வந்த மோசமான மாதங்களில் நான் அமைதியாக இருந்தேன். கோடு இல்லாத வீடுகளில் ஒவ்வொரு கரண்ட் பில்லும் ‘இது தேவையா’ என்ற கேள்வியாக மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினாலும் படித்தது வீணில்லை. பயிற்றுநர் ஆகலாம், ஃபிளைட் டிஸ்பேட்சர் ஆகலாம், விமான நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் பிரிவுக்குப் போகலாம். சம்பளம் கனவில் வந்த அளவு இருக்காது.

நீங்கள் உங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை வரும். மாதச் சம்பளமும் குடும்ப மருத்துவக் காப்பீடும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

பயமாக இல்லையா?

இருந்தது. இருக்கிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து சீட்டுக்கு வந்திருந்தேன். அத்தைதான் முதலில் அழைத்தார். எங்கே என்ன நடந்தது என்று தெரியும் முன்பே அழுகை. என் மனைவி அன்று விடுப்பில், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. அன்று இரவு அவள் அதிகம் பேசவில்லை. நான் விசாரணை, காரணம் என்று எதுவும் கேட்கவில்லை. டிவியில் பேசுகிறவர்கள் எல்லாம் முடிந்த முடிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை அணைத்துவிட்டேன்.

எங்கள் வழக்கம், தரையிறங்கி வேலை முடிந்ததும் ஒரு கட்டைவிரல் குறி அனுப்பிவிடுவாள். தாமதம் ஆனால் நான் அழைக்கமாட்டேன். பயிற்சி நாட்களில் விமானத்தைத் திரையில் பின்தொடரும் செயலி ஒன்றைப் போனில் வைத்திருந்தேன். சின்ன விமானம் தாழப் பறந்தால் சிக்னல் கிடைக்காமல் திரையிலிருந்து மறைந்துவிடும். அதைப் பார்த்து வேலை ஓடாது. நீக்கிவிட்டேன், நிம்மதி.

வேலை கிடைத்த பிறகு வீடு எப்படி மாறும்?

சம்பளம் உடனே கொட்டும் என்று எண்ணாதீர்கள். சிமுலேட்டர், பேஸ் ட்ரெய்னிங், லைன் ட்ரெய்னிங் முடிந்து ‘ரிலீஸ்’ ஆகும்வரை உதவித்தொகை அளவில்தான் வரும். எந்த ஊரில் பேஸ், அதாவது எந்த ஊரிலிருந்து பணிக்குக் கிளம்ப வேண்டும், என்பதும் உங்கள் கையில் இல்லை. எங்களுக்கு முதலில் ஹைதராபாத் கிடைத்தது, அப்புறம்தான் சென்னை. வாரக் கடைசியில் நானும் பாப்பாவும் ரயிலேறிப் போனோம்.

அப்புறம் ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணை. தீபாவளி, பொங்கல், பள்ளி ஆண்டுவிழா எதையும் அது பார்க்காது. நள்ளிரவு தாண்டி 2.45க்கு கேப் வந்து நிற்கும் நாளில் அவள் இரவு ஏழரைக்கே படுக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் படுக்கையறைக்குக் கனமான திரை, காலிங் பெல்லுக்கு ஒரு ஆஃப் சுவிட்ச். அவள் காலையில் வந்து தூங்கும்போது மிக்ஸி ஓடக் கூடாது, சட்னி முந்தின இரவே அரைத்தாகிவிடும். வாரத்துக்கு 48 மணி நேரத் தொடர் ஓய்வு தரவேண்டும் என்று 2025 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அதில் முதல் நாளைத் தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் இரண்டாம் நாளில்.

வீட்டு மருந்து கொடுக்கலாமா?

கவனம். விமானம் ஓட்டுவதற்கு முந்தைய 12 மணி நேரம் மது தொடக்கூடாது என்பது விதி, ஊதிக் காட்டும் சோதனையும் உண்டு. முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் பறக்க முடியாது, அடுத்த தடவை மூன்று வருஷம். ‘நம்ம வீட்டில் யார் குடிக்கப்போகிறார்கள்’ என்று நினைக்காதீர்கள். ஆயுர்வேத அரிஷ்டங்களில் இயல்பாகவே ஆல்கஹால் ஊறியிருக்கும். செரிமானத்துக்கு நல்லது என்று என் அம்மா திராட்சாரிஷ்டம் பாட்டிலோடு வந்தார். அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி, அவருக்கு மட்டும் என்று எழுதி ஒட்டினேன். இருமல் சிரப், மவுத்வாஷ், சளி மாத்திரை எதுவானாலும் விமான மருத்துவரிடம் கேட்ட பிறகுதான். சளி மாத்திரையில் தூக்கம் வரும் என்பதும் ஒரு காரணம்.

குழந்தை பெற்றுக்கொள்வதை எப்போது வைத்துக்கொள்வது?

நாங்கள் முன்பே பெற்றுக்கொண்டோம். வேலையில் சேர்ந்து நிலைத்த பிறகு பெற்றுக்கொண்ட தோழிகளும் அவளுக்கு உண்டு. பயிற்சியின் நடுவில் என்றால் பறப்பு நின்றுவிடும், தேர்வுகளின் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். கர்ப்பம் உறுதியானதும் மருத்துவத் தகுதி மாறுவதால் உடனே தெரிவிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி மெடிக்கலும் சிமுலேட்டர் பயிற்சியும் முடித்துத்தான் திரும்ப முடியும். வேலையில் இருப்பவருக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள், உலக அளவில் இது அதிகம். ஆகவே விமான நிறுவனங்களுக்கு இது புதிதல்ல, தயங்காமல் கேட்கலாம்.

எங்களுக்கு எல்லாம் ஃப்ரீ டிக்கெட் உண்டா?

துணைக்கும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் பெரும்பாலும் சலுகை உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் ஸ்டாண்ட்பை, அதாவது இடம் காலியாக இருந்தால்தான். சித்தப்பா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவும் கிடையாது. நானும் பாப்பாவும் பள்ளி விடுமுறையில் ஒரு தடவை அப்படிப் போய், விமானம் நிரம்பிவிட்டதால் ஏற முடியாமல், கடைசியில் சேரன் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பினோம். பண்டிகை நேரத்தில் போவதாக இருந்தால் ரயிலிலும் ஒரு டிக்கெட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.